குப்பை எங்கே போகிறது?

குப்பையைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று தோழர்கள் சிலர் முகஞ்சுளிக்கலாம். அதை நாள்தோறும் முகஞ்சுளிக்காமல் அள்ளுகிறவனும் தொழிலாளிதானே!

கேரளத்து ஆலப்புழையைப் பாருங்கள். நகரத்துக் குப்பை அத்தனையும் லாரியேறிப் பக்கத்துக் கிராமமாம் சர்வோதயபுரத்துக்குப் போயிற்று. நேர்த்தி நகரத்துக்கு, நாற்றம் கிராமத்துக்கு! பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மக்கள் 2012-இல் லாரியை மறித்தனர். நகரத் தெருவெல்லாம் குப்பை குவிந்தது. அப்போதுதான் நகரசபைக்கு வழி தோன்றிற்று. மக்குகிற குப்பையை வீட்டிலேயே உரமாக்குங்கள், எரிவாயுவாக்குங்கள் என்றது. சொன்னதோடு நிற்கவில்லை, குழாய்த் தொட்டிக்கும் எரிவாயுக் கலனுக்கும் மானியம் தந்தது. இடமில்லாத வீட்டாருக்குப் பொது உரத்தொட்டி கட்டிற்று. 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு எடுத்துக்காட்டிய ஐந்து நகரங்களில், ஓசாகா, பினாங்கு வரிசையில் ஆலப்புழையும் நின்றது.

புதுவையிலோ நகரத்துக் குப்பை குருமாம்பேட்டில் மலையாயிற்று. அள்ளி இன்னோர் இடத்தில் கொட்டுவதற்குப் பெயர் நிர்வாகமாம்!

மண்ணாடிப்பட்டு உழவனுக்கு எருக்குழியைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சாணியும் சாம்பலும் காய்கறித் தோலும் குழிக்குப் போய்க் கழனிக்குத் திரும்பிய ஊர்கள் அவை. மக்காத பிளாஸ்டிக்தான் புதுத் தொல்லை. அதைப் பிரித்து வாங்க ஆள் வேண்டும், வண்டி வேண்டும். அந்த ஆளுக்குக் கையுறையும் ஒழுங்கான கூலியும் வேண்டும். யாரைக் கேட்பது? ஆலப்புழையில் பதில் சொல்ல, வாக்குக் கேட்டு வந்த நகரசபை இருந்தது. புதுவையில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் வந்ததே 2006-இல்தான். முப்பத்தெட்டு ஆண்டு! அந்த மன்றங்களின் காலமும் 2011-இல் முடிய, ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளின் கையெழுத்திலேயே கொம்யூன் பஞ்சாயத்துகள் ஓடின.