அண்ணன் பேர்ல பத்திரம், தம்பியும் பணம் போட்டார்... வீட்டில் பங்கு கிடைக்குமா? சட்டம் சொல்வது என்ன?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் உடன்பிறந்தவர்கள் பணம் சேர்த்து மனை வாங்குவது சகஜம். 'நமக்குள்ள என்ன கணக்கு?' என்று பலர் ஒருவர் பேரிலேயே பத்திரத்தை முடித்துவிடுகிறார்கள். விலை ஏறிய பிறகுதான், 'இது யார் சொத்து?' என்ற சண்டை தொடங்குகிறது.

இருவர் பெயரும் பத்திரத்தில் இருந்தால்?

யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. எழுதாவிட்டால், 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 45வது பிரிவு வழிகாட்டுகிறது. அவரவர் போட்ட பணத்துக்கு ஏற்ப பங்கு. உதாரணமாக, 30 லட்ச ரூபாய் மனைக்கு அண்ணன் 20 லட்சம், தம்பி 10 லட்சம் கொடுத்ததற்கு ஆதாரம் இருந்தால், அண்ணனுக்கு மூன்றில் இரண்டு பங்கு. ஆதாரம் இல்லையா? ஆளுக்குப் பாதி என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஒருவர் பெயர் மட்டும் இருந்தால்?

சிக்கலே இங்கேதான். 'பணம் என்னுடையது, சொத்தும் என்னுடையது' என்று பத்திரத்தில் பெயர் உள்ளவர் மீது வழக்குப் போட, பினாமி தடைச் சட்டத்தின் 4வது பிரிவு அனுமதிப்பதில்லை.

விதிவிலக்குகள் உண்டு. கணக்கில் காட்டிய வருமானத்தில் கணவன், மனைவி அல்லது பிள்ளைகள் பெயரில் வாங்கினால் அது பினாமி ஆகாது. ஆனால் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பெற்றோர் பெயரில் வாங்கினால், 2016 திருத்தத்தின்படி ஏதாவது ஓர் ஆவணத்திலாவது பணம் போட்டவரும் கூட்டு உரிமையாளராக இருக்க வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பெங்களூருவில் தாய் வாடகைக்கு இருந்த மாநகராட்சி வீடு, அவர் இறந்த பிறகு ஒரு மகன் பெயருக்கு வந்தது. குடும்பத்தில் மற்றவர்களும் பணம் கொடுத்திருந்தனர். அந்த மகன் மற்றவர்களுக்காகவும் நம்பிக்கைப் பொறுப்பில்தான் வீட்டை வைத்திருக்கிறார் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இதை நிரூபிக்க வலுவான ஆதாரம் வேணும்.

தீர்வு என்ன?

பேசி முடிவுக்கு வந்தால், பாகப்பிரிவினைப் பத்திரம் அல்லது விடுதலைப் பத்திரத்தைச் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். குடும்பத்தினருக்குள் என்றால் முத்திரைத்தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் இது 25,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயர்ந்தது.

ஒத்துவராவிட்டால் சிவில் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குதான். சின்ன வீட்டைச் சுவர் எழுப்பிப் பிரிக்க முடியாதே? அப்போது, பாதி அல்லது அதற்கு மேல் பங்கு உள்ளவர்கள் கேட்டால், 1893ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டப்படி வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். விற்கக் கேட்டவரின் பங்கை, மதிப்பீட்டு விலைக்கு மற்றவர் வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியவை

• பணத்தை வங்கிக் கணக்கு வழியாகக் கொடுங்கள்.
• பத்திரத்தில் எல்லோர் பெயரும், பங்கு விகிதமும் இருக்கட்டும்.
• கடன் தவணையை யார் கட்டுகிறார் என்பதற்கு வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பத்திரப்படுத்துங்கள்.
• பட்டாவில் பெயர் இருப்பது மட்டுமே உரிமை ஆகிவிடாது.