கூலி இல்லாத தேடல்

பிரிட்டனில் மலையில் கால் முறிந்து கிடப்பவரைத் தூக்கிவரப் போகிறவர்கள் பெரும்பாலும் அரசு ஊழியர்கள் அல்லர். பள்ளி ஆசிரியர், தச்சர், ஆட்டுப் பண்ணைக்காரர், மருத்துவர், கடைக்காரர் என்று அந்தந்த மலையடிவாரத்தில் குடியிருப்பவர்கள் கைபேசி ஒலித்ததும் கைவேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. மீட்கப்பட்டவரிடம் கட்டணமும் வாங்குவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஐம்பதுக்குச் சற்றுக் குறைவான குழுக்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்துக்குத் தனி அமைப்பு உண்டு. காணாமல் போனவரைத் தேடும் பொறுப்பு அதிகாரபூர்வமாகக் காவல்துறையுடையது. 999-ஐ அழைத்துக் காவல்துறையைக் கேட்டு, பிறகு மலை மீட்பு என்று சொன்னால், காவல்துறை அந்தப் பகுதிக் குழுத் தலைவரைத் தொடர்புகொள்ளும். ஹெலிகாப்டர் மட்டும் அரசுச் செலவில் பறக்கிறது. மற்றபடி வண்டி, கயிறு, ஸ்ட்ரெச்சர், வாக்கி டாக்கி எல்லாம் பெரும்பாலும் நன்கொடையில் வாங்கியவை. காலணியும் மழைக்கோட்டும் பலருக்குச் சொந்தச் செலவு.

இந்த வேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் வீரத்தைத்தான் முதலில் எழுதுகிறார்கள். வீரம் இல்லாமல் இல்லை. ஆனால் மலை மீட்பில் நேரத்தின் பெரும்பகுதி வேறு மூன்று கேள்விகளில் கழிகிறது: எங்கே தேடுவது, எப்படித் தூக்குவது, எப்போது திரும்புவது. இந்த மூன்றையும் மீட்பர்கள் கற்றுக்கொண்டது விபத்துகளிலிருந்துதான்.

போலந்தின் தத்ரா மலையில் தன்னார்வ மீட்புச் சங்கம் 1909-லேயே பதிவாகிவிட்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் மியெச்சிஸ்வாஃப் கர்வோவிச் என்ற இசையமைப்பாளர் தனியாகப் பனிச்சறுக்கு போய், பனிச்சரிவில் புதைந்து இறந்தார். அந்தச் சாவு மலையடிவார நகரான ஜகோபனேயை உலுக்கியது. இரவோ பகலோ, எந்த வானிலையானாலும், அழைத்தால் புறப்படுவேன் என்று சங்கத்தில் சேருகிறவர்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த உறுதிமொழி இன்றும் தொடர்கிறது. அடுத்த ஆண்டே அதற்கு ஓர் உயிர் போயிற்று. 1910 ஆகஸ்டில் பாறைச் சுவரில் சிக்கிய ஒருவரை மீட்கப் போன குழுவை, மழையும் உருண்டுவரும் கற்களும் தாங்க முடியாமல், தலைவர் மரியூஷ் ஜாருஸ்கி திரும்பச் சொன்னார். அறுபது வயதை ஒட்டிய வழிகாட்டி க்ளிமெக் பாக்லேடா கேட்கவில்லை. தனியாக மேலே போனவர் கல் சரிவில் மாண்டார். போலந்தில் அவர் பெயர் இன்றும் மரியாதையோடு சொல்லப்படுகிறது. ஆனால் இன்றைய பயிற்சி வகுப்புகள் எல்லாம் ஜாருஸ்கி பக்கம்தான். மீட்பரும் விழுந்தால் தேடப்பட வேண்டியவர் இருவராகிவிடுவார் என்பதால், தன் பாதுகாப்பே முதல் விதி.

இங்கிலாந்தில் திருப்பம் வந்தது 1928-இல். மான்செஸ்டருக்குக் கிழக்கே லாடோ பாறையில் ஓர் ஏறுநருக்குத் தொடை எலும்பு முறிந்தது. கையில் கிடைத்த மரத்தை வைத்து ஒரு தூக்குப்படுக்கை செய்து, வலிக்கு மருந்தே இல்லாமல், கரடுமுரடான சரிவில் பல மணி நேரம் இறக்கினார்கள். பிறகு அந்தக் காலை எடுக்க வேண்டியதாயிற்று. விழுந்ததைவிடத் தூக்கிவந்த விதமே அதிகக் கேடு செய்தது என்று முடிவுக்கு வந்தவர் வில்சன் ஹே என்ற அறுவை மருத்துவர். மலையேற்றச் சங்கங்கள் சேர்ந்து ஸ்ட்ரெச்சருக்கென்றே ஒரு குழு அமைத்தன. பொறியாளரும் மலை நடையருமான யூஸ்டஸ் தாமஸ் வடிவமைத்த ஸ்ட்ரெச்சர் பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது. பாறையில் சறுக்கி இழுக்க அடியில் சட்டங்களும், தோளில் சுமக்க நீளும் கைப்பிடிகளும் அதில் உண்டு. நம் மலைக்கிராமங்களில் சாலை இல்லாத இடத்திலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கிவருகிறார்களே, அதே தேவைதான். உடைந்த எலும்பு அசையக் கூடாது என்பது மட்டும் கூடுதல்.

ஸ்ட்ரெச்சர் கிடைத்துவிட்டது. மார்ஃபின் கிடைக்கவில்லை. மருத்துவர் அல்லாதவர் கையில் அதைக் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஹே சட்டத்தை மீறி ஆண்டுக்கணக்கில் மீட்பு நிலையங்களுக்கு மார்ஃபின் கொடுத்துவந்தார். 1949-இல் வழக்குப் போட்டு 10 பவுண்டு அபராதம் விதித்தார்கள். அந்த அபராதத்தால் விஷயம் வெளியே வந்தது. அரசு இறங்கிவந்து மீட்புக் குழுக்களுக்கு மார்ஃபின் அனுமதித்தது. தனித் தேர்வு எழுதித் தேறிய தன்னார்வலர்கள் இன்று அதைச் சட்டபூர்வமாகவே கொடுக்கிறார்கள்.

நிலையான குழுக்கள் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. போர்க்காலத்தில் விமானங்கள் வேல்ஸ் மலைகளில் அடிக்கடி மோதி விழுந்ததால், விமானப்படை தன் சொந்த மலை மீட்புப் பிரிவை 1944-இல் முறைப்படுத்தியிருந்தது. பொதுமக்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. 1946-இல் இங்கிலாந்தின் கிரேட் கேபிள் மலையில் மலையேறி வில்ஃப்ரிட் நாய்ஸ் விழுந்து கால் முறிந்தபோது, அவரை இறக்குவது நெடிய போராட்டமானது. 1953 எவரெஸ்ட் குழுவில் இருந்த அதே நாய்ஸ்தான். அதன் விளைவாக அடுத்த ஆண்டு கெசிக் ஊரில் ஒரு குழு உருவானது. கோனிஸ்டனிலும் அதே 1947-இல் ஒரு குழு. ஸ்காட்லாந்தின் கிளென்கோவில் 1961-இல் குழு தொடங்கிய ஹேமிஷ் மக்கினஸ், மடக்கிச் சுமக்கக்கூடிய உலோக ஸ்ட்ரெச்சரை வடிவமைத்தார். சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு நாய்களின் வேலையைப் பார்த்துவிட்டு வந்து, 1965-இல் தேடல் நாய்களுக்கென ஒரு சங்கமும் தொடங்கினார்.

பிரான்ஸ் வேறு வழியில் போயிற்று. 1956 டிசம்பரில் இரண்டு இளைஞர்கள் மோன் பிளாங்கில் சிக்கிக்கொண்டார்கள். யார் மீட்பது என்ற இழுபறி நடந்தது. அனுப்பிய ஹெலிகாப்டரும் மலையில் விழுந்தது. கடைசியில் இளைஞர்களை அங்கேயே விட்டுவிட வேண்டியதாயிற்று. நாடே கொதித்தது, 1958-இல் சம்பளம் வாங்கும் காவல் வீரர்களைக் கொண்ட சிறப்புப் பிரிவு ஷாமோனியில் அமைந்தது. ஆல்ப்ஸ் போன்ற உயரத்துக்கும் கூட்டத்துக்கும் முழுநேரப் படை பொருந்துகிறது. பிரிட்டனின் தாழ்ந்த, மூடுபனி சூழ்ந்த, ஊருக்கு மிக அருகில் இருக்கும் மலைகளுக்கு உள்ளூர்க்காரரின் கால் பழக்கமே அதிகம் உதவுகிறது.

அந்தப் பழக்கம் எதற்கு உதவும் என்பதற்கு பென் நெவிஸ் நல்ல சான்று. 1,345 மீட்டர் உயரமுள்ள பிரிட்டனின் மிக உயர்ந்த மலை அது. உச்சியில் மேகம் இறங்கிவிட்டால், உச்சிக்கல்லிலிருந்து திசைகாட்டியில் 231 பாகையில் 150 மீட்டர் நடந்து, பிறகு 282 பாகைக்குத் திரும்பினால்தான் பாதை பிடிபடும். திரும்பாமல் நேரே போனாலும் இடப்பக்கம் ஒதுங்கினாலும் ஃபைவ் ஃபிங்கர் என்ற பள்ளத்தாக்கு கீழே இழுத்துவிடும். வலப்பக்கம் ஒதுங்கினால் செங்குத்து வடமுகம். உள்ளூர்க் குழு இந்தப் பொறிகளை மனப்பாடமாக வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்காஃபெல் பைக் மலையில் பியர்ஸ் கில் என்ற பிளவும் இப்படித்தான்: இறங்கும் வழியைத் தவறவிட்டவர்கள் திரும்பத் திரும்ப அதற்குள்தான் மாட்டுகிறார்கள்.

தெரிந்த பொறிகளில் ஆள் இல்லை என்றால் வேலை கணக்காக மாறுகிறது. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட அமெரிக்கக் கணித அறிஞர்கள் வகுத்த கோட்பாடு பின்னாளில் காட்டுக்கும் மலைக்கும் வந்தது. வரைபடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஆள் இந்தத் துண்டில் இருக்க எவ்வளவு வாய்ப்பு, இருந்தால் நம் கண்ணில் பட எவ்வளவு வாய்ப்பு என்று இரண்டு எண்களைக் குறிக்கிறார்கள். இரண்டையும் பெருக்கினால், அங்கே ஆளனுப்புவதால் என்ன பலன் என்பது தெரியும். புதர்க்காட்டில் அகல இடைவெளி விட்டு நடந்தால் பாதி வாய்ப்புதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் இன்னொரு குழு அதே இடத்தைச் சுதந்திரமாக இன்னொரு முறை கடந்தால் முக்கால் பங்காக உயரும். தேடிவிட்ட துண்டில் ஆள் இல்லை என்று யாரும் அடித்துச் சொல்வதில்லை. அங்கே இருக்கும் வாய்ப்பு குறைந்தது, மற்ற துண்டுகளில் கூடியது என்றுதான் குறிப்பார்கள்.

முதல் எண்ணைப் போட, தொலைந்தவர் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டும். வில்லியம் சிரோடக் 1976-இல் இதைப் பற்றி எழுதிய சிறு நூலும், பின்னர் ராபர்ட் கோஸ்டர் பல நாட்டு நிகழ்வுகளைத் திரட்டித் தொகுத்த 2008-ஆம் ஆண்டு நூலும் தேடல் தலைவர்களின் கையேடுகள். மறதி நோய் உள்ள முதியவர் ஒரு திசையில் நடந்துகொண்டே போய், புதரிலோ வாய்க்காலிலோ வேலியிலோ தட்டி நின்றுவிடுகிறார். கூப்பிட்டால் பதில் வராது. மிகச் சிறு குழந்தைக்குத் தான் தொலைந்துவிட்டோம் என்பதே தெரியாது. எங்காவது பொந்தில் சுருண்டு தூங்கிவிடும். சற்றுப் பெரிய குழந்தையோ, தெரியாதவர்களிடம் பேசாதே என்று வீட்டில் சொன்னது நினைவிருப்பதால், தேடுகிறவர்களைக் கண்டே ஒளிந்துகொள்கிறது. கலிஃபோர்னியாவில் 9 வயதுச் சிறுவன் ஒருவன் மலையில் தொலைந்து இறந்த பிறகு, தொலைந்தால் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே இரு என்று பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கும் இயக்கம் 1981-இல் தொடங்கியது. நகராத ஆளைத் தேடுவது எளிது. நகரும் ஆள் ஏற்கெனவே தேடிய துண்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடக்கூடும். அதனால்தான் தேடல் தொடங்கியதுமே பாதைகள் கூடும் இடங்களிலும் பாலங்களிலும் ஆள் நிறுத்திப் பகுதியை அடைக்கிறார்கள்.

வரிசையாக நடந்து தேடுகிறவர்கள் விசில் ஊதுவதிலும் ஒழுங்கு உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் ஊதிவிட்டு, ஒரே நேரத்தில் அமைதியாகி, காது கொடுக்க வேண்டும். உதவி கேட்பவருக்கான குறி 1894-இல் கிளின்டன் டென்ட் முன்வைத்தது: ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று. இரவில் அதையே டார்ச் வெளிச்சத்தில் செய்யலாம். நாய்கள் இந்த வரிசையில் சேராமல் தனியாகக் காற்றுக்கு எதிர்த்திசையில் வேலை செய்கின்றன. காற்றில் மிதந்துவரும் மனித வாசனை பட்டதும் ஆளைக் கண்டுவிட்டு, உரிமையாளரிடம் ஓடிவந்து குரைத்துக் கூட்டிப்போகும். அவற்றைப் பழக்குவதற்கென்றே, மழையில் பாறை மறைவில் மணிக்கணக்கில் ஒளிந்து கிடக்கும் தன்னார்வலர்களும் உண்டு. இந்த அமைப்பிலேயே பெயர் வெளியே வராத வேலை அதுதான்.

கைபேசி வந்தபின் பல தேடல்கள் மலைக்குப் போகாமலே முடிகின்றன. வேல்ஸில் ஒரு மீட்புக் குழுத் தன்னார்வலர் எழுதிய மென்பொருளால், தொலைந்தவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, அதிலுள்ள இணைப்பைத் தொட்டதும் அவர் நிற்கும் இடம் குழுவின் திரையில் தெரியும். ஆனால் அவர் தொட வேண்டும். 2021 அக்டோபரில் கொலராடோவின் எல்பர்ட் மலையில், பகலில் ஏறப் போனவர் இரவு திரும்பாததால் தன்னார்வலர்கள் தேடினார்கள். அவர் எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அழைத்தார்கள். மறுநாள் காலை அவர் தானே வழி கண்டுபிடித்து வந்து சேர்ந்தார். தெரியாத எண் என்பதால் எடுக்கவில்லை என்றாராம்.

ஆள் கிடைத்த பிறகு தொடங்குவது சுமை. பிரிட்டனில் மிக அதிகமாகக் காணப்படுவது பெரிய விபத்து அல்ல. கணுக்காலும் முழங்காலுக்குக் கீழ் எலும்பும் முறிவதுதான். மேகம் தாழ்ந்திருந்தால் ஹெலிகாப்டர் வர முடியாமல் போகலாம். ஸ்ட்ரெச்சரை ஒரே நேரத்தில் ஆறு முதல் எட்டுப் பேர் தூக்க, மாற்றாள்களோடு இருபது பேர் வரை தேவை. சில கிலோமீட்டர் இறங்கப் பாதி இரவு போய்விடும். உடல் கடுமையாகக் குளிர்ந்தவரை இன்னும் மெதுவாகக் கையாள வேண்டும். முரட்டுத்தனமாக அசைத்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். மூச்சும் நாடியும் இல்லாதது போலத் தோன்றினாலும், சூடேற்றிப் பார்க்காமல் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டுவதில்லை.

எல்லா அழைப்பும் மலையேறிகளுக்காக வருவதில்லை. 1988 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊரின்மீது பான் ஆம் விமானம் சிதறி விழுந்து 270 பேர் இறந்தபோது, வயல்களிலும் காடுகளிலும் உடல்களைத் தேடியவர்களில் இந்த மலைக் குழுக்களும் நாய்களும் இருந்தன.

ஆபத்து தன்னார்வலர்களுக்கும் குறைவில்லை. 2021 பிப்ரவரியில், கொரோனா ஊரடங்கை மீறி லேக் டிஸ்ட்ரிக்டில் கூடாரம் போட்ட இருவரில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்று இரவில் அழைப்பு வந்தது. ரெட் ஸ்கிரீஸ் சரிவில் ஏறிய மீட்பர் ஒருவர் ஏறத்தாழ 150 மீட்டர் விழுந்ததில் அவருக்கு முதுகுத்தண்டில் பலத்த காயம் ஏற்பட்டது. விதி மீறியவர்களுக்கு ஆளுக்கு 200 பவுண்டு அபராதம். மீட்பருக்காகப் பொதுமக்கள் பெருந்தொகை திரட்டினார்கள்.

இப்படி நடக்கும்போதெல்லாம், அலட்சியமாகப் போனவரிடம் கட்டணம் வாங்க வேண்டும் என்ற குரல் எழும். எழுவது இயல்பே. ஆனால் அந்தக் குரலை மீட்பர்களிடமிருந்து அவ்வளவாகக் கேட்க முடியாது. 1959-இல் தொடங்கிய அமெரிக்க மலை மீட்புச் சங்கம் கட்டணத்தை வெளிப்படையாக எதிர்க்கிறது. காரணம் தர்ம சிந்தனை மட்டும் அல்ல. பணம் கட்ட வேண்டுமென்றால், மாலை நான்கு மணிக்கு அழைத்திருக்க வேண்டியவர் இரவு பத்து மணிக்குத்தான் அழைப்பார். அதற்குள் இருட்டியிருக்கும், உடல் குளிர்ந்திருக்கும், தேட வேண்டிய வட்டம் பெரிதாகியிருக்கும்; தூக்கப் போகிறவர்களுக்கும் ஆபத்து கூடியிருக்கும். இதற்கு மாறாக நியூ ஹாம்ஷயர் மாநிலம், கவனக்குறைவால் சிக்கியவர்களிடம் செலவை வசூலிக்கச் சட்டம் வைத்திருக்கிறது. 2015 முதல் அங்கே ஓர் அட்டை விற்கிறார்கள்: முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் கவனக்குறைவுக்கான செலவு தள்ளுபடி, துணிந்து செய்த முட்டாள்தனத்துக்கு அட்டையும் உதவாது. அதில் வரும் பணம் மீட்புச் செலவுக்கான நிதிக்குப் போகிறது.