வாத்தியார் வேலையை விட்டார், மாத்திரை விற்றார், மாநாடு நடத்தினார்!
தஞ்சையில் நடந்த உண்மைக் கதை

மாசம் பிறந்தால் சம்பளம். வீட்டுக்காரம்மாவுக்கும் அதே பள்ளிக்கூடத்திலேயே வேலை. இப்படி ஒரு பிழைப்பு கையில் இருந்தால் யாராவது விடுவாங்களா?

விட்டார் ஒருவர். அதுவும் 1890-ம் வருஷத்தில், நம்ம தஞ்சாவூரில்!

அவர்தான் ராவ்சாகிப் ஆபிரகாம் பண்டிதர். தஞ்சையில் "ஆபிரகாம் பண்டிதர் சாலை" வழியாக தினமும் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். பெயரைப் பார்த்து ஏதோ பாதிரியார் என்று நினைப்பவர்களும் உண்டு.

பாதிரியார் அல்ல. பள்ளிக்கூட வாத்தியார், போட்டோ பிடிப்பவர், சித்த வைத்தியர், மருந்து வியாபாரி, அச்சாபீஸ் முதலாளி, கடைசியில் சங்கீத ஆராய்ச்சியாளர். இத்தனையும் ஒரே ஆள்!

இப்போது ஊருக்கு ஊர் பாருங்கள். நேற்று வரை இன்சூரன்ஸ் பாலிசி பிடித்தவர், உரக்கம்பெனிக்கு ஆர்டர் எடுத்தவர், இன்றைக்கு மூலிகை எண்ணெய், பிடிப்பு வைத்தியம், உடம்புக்குப் புத்துணர்ச்சி என்று போர்டு மாட்டுகிறார். "இவன் எங்கே, வைத்தியம் எங்கே?" என்று நாம் சிரிக்கிறோம். இந்த மாதிரி தடம் மாறுவது புதுசு இல்லை. ஆனால் பண்டிதர் மாறிய விதம் வேறு.

சுருளி மலையில்...

பண்டிதருக்கு சொந்த ஊர் தென்காசி பக்கம் உள்ள சாம்பவர் வடகரை. பிறந்தது 1859 ஆகஸ்டு 2-ந்தேதி. வாத்தியார் பயிற்சிக்காக திண்டுக்கல் போனார்.

போன இடத்தில் படிப்போடு நின்றாரா? இல்லை. சடையாண்டி பத்தர் என்பவரிடம் பிடில் கற்றுக்கொண்டார். போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டார். அச்சு வேலையும் பழகினார்.

மூலிகை மேல் ஒரு பித்து. 1877-ல் கம்பம் பக்கம் சுருளி மலைக்குப் போனார். அங்கே கருணானந்தர் என்ற முனிவரைச் சந்தித்து மருந்து முறைகளைத் தெரிந்துகொண்டார். அவரையே குருவாகவும் ஏற்றார். பிற்காலத்தில் அவர் செய்த மருந்துக்கும், வாங்கிய தோட்டத்துக்கும் அந்தக் குருவின் பெயர்தான்.

1882-ல் கல்யாணம். மனைவி ஞானவடிவு பொன்னம்மாள். அடுத்த வருஷம் இருவரும் தஞ்சைக்கு வந்து, லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

பகலில் பாடம், மற்ற நேரத்தில் மருந்து. ஏழு வருஷம் இப்படியே ஓடியது!

இந்த ஏழு வருஷம்தான் முக்கியம் என்று தோன்றுகிறது. ஆசை வந்த மறுநாளே அவர் சம்பளத்தை உதறவில்லை. முப்பதைத் தொட்ட வயசில், ஒரு தொழிலை கையில் நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகுதான் ராஜினாமா கொடுத்தார். இன்றைக்கு வேலையை விடலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்கிற குமாஸ்தா தம்பிகள் இதைக் கவனிக்கலாம்.

சஞ்சீவி மாத்திரை

"கருணாநிதி வைத்தியசாலை" என்பது கடையின் பெயர். "கருணானந்தர் சஞ்சீவி" என்பது மாத்திரையின் பெயர். குருவும் வந்துவிட்டார், ராமாயணத்துச் சஞ்சீவி மலையும் வந்துவிட்டது! கிறிஸ்தவர் ஒருவர் வைத்த பெயர் இது. விளம்பரக் கம்பெனிக்காரர்கள் ஆறு மாசம் தலையைப் பிய்த்துக்கொண்டாலும் இப்படி ஒன்று கிடைக்குமா என்பது சந்தேகம்.

"பண்டிதர்" என்றாலே அந்தக் காலத்து பேச்சில் வைத்தியர் என்று ஒரு அர்த்தம் உண்டு. ஆக ஆளின் பெயரே கடைக்கு போர்டு ஆகிவிட்டது.

மருந்து தஞ்சையோடு நிற்கவில்லை. இலங்கை, பர்மா, சிங்கப்பூர் என்று கடல் தாண்டிப் போனது.

எப்படிப் போயிருக்கும்? காலத்தைப் பாருங்கள். நாகப்பட்டினம் - தஞ்சை ரெயில் 1860-களிலேயே வந்தாச்சு. தபால் இலாகா 1877-ல் வி.பி.பி. முறையைக் கொண்டு வந்தாச்சு. பார்சல் கைக்கு வந்த பிறகு காசு கொடுத்தால் போதும். அனுப்பியவருக்கும் பணம் போய்ச்சேரும். முகம் தெரியாத வியாபாரிக்கும் முகம் தெரியாத வாடிக்கைக்காரருக்கும் நடுவே தபால்காரர் சாட்சி!

இன்னொன்றும் உண்டு. காவிரிப் பாசன ஊர்களில் இருந்து நாகப்பட்டினம் போய் கப்பல் ஏறி, பிழைப்புத் தேடி அக்கரைக்குப் போன சனம் கொஞ்சமா நஞ்சமா? வயல் வேலைக்காரனும் போனான், வட்டிக்கடை கணக்கப்பிள்ளையும் போனான். கண் காணாத இடத்தில் காய்ச்சல் கண்டால் ஊர் மருந்து என்ற பேச்சே பாதி தெம்பு. இது நம் யூகம்தான். ஆனால் கடை வைத்திருப்பவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்தில் மருந்து விளம்பரத்துக்குக் கடிவாளம் கிடையாது. 1954-ல்தான் சில நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யத் தடைச் சட்டம் வந்தது. சித்த மருந்து தயாரிப்பை லைசென்சுக்குள் கொண்டுவரும் திருத்தம் 1964-ல் வந்தது. ஆகவே "பண்டிதர் செய்யலையா?" என்று இன்று யாரும் லேகியம் கிண்டக் கிளம்ப முடியாது. கம்பி எண்ண வேண்டி வரும்!

பண்டிதர் தோட்டம்

மருந்துக்கு மூலிகை வேண்டுமே! தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கினார். "கருணானந்தபுரம்" என்று பெயர் வைத்தார். சனங்கள் "பண்டிதர் தோட்டம்" என்றே கூப்பிட்டார்கள்.

சுற்றிலும் நெல், நெல், நெல். நடுவே ஒருவர் மூலிகை பயிர் செய்கிறார் என்றால் மிராசுதார்கள் என்ன பேசியிருப்பார்கள்? நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

தோட்டத்தைப் பார்க்க கவர்னரே வந்தார். 1906 முதல் 1911 வரை சென்னை கவர்னராக இருந்த சர் ஆர்தர் லாலி. பண்டிதர் தன் அச்சாபீசுக்கு லாலி பெயரையே சூட்டினார். மின்சாரத்தில் ஓடிய அச்சகம் அது. 1909-ல் "ராவ்சாகிப்" பட்டமும் கிடைத்தது.

காசு எங்கே போச்சு?

இதுவரை சொன்னது பணம் வந்த கதை. இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

கர்நாடக சங்கீதத்தின் சுருதிக் கணக்கு சரியில்லை என்று பண்டிதருக்கு ஒரு உறுத்தல். ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதி என்பது பழைய நூல்களின் கணக்கு. "இல்லை, 24" என்றார் பண்டிதர். சிலப்பதிகாரத்தையும் அதன் உரையையும் ஆதாரமாகக் காட்டி, தமிழனின் பழைய இசைதான் இதற்கு வேர் என்று வாதாடினார்.

வித்வான்கள் நிறைந்த தஞ்சாவூர் இது! மும்மூர்த்திகள் பிறந்த பூமி. அங்கே போய் மாத்திரை விற்பவர் ஒருவர், அதுவும் திருநெல்வேலிச் சீமையில் இருந்து வந்த கிறிஸ்தவர், "உங்க கணக்கு தப்பு" என்றால் சும்மா விடுவார்களா?

அவர் சண்டைக்கு நிற்கவில்லை. எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார்! 1912-ல் "சங்கீத வித்தியா மகாஜன சங்கம்" ஆரம்பித்தார். 1916-க்குள் 7 மாநாடுகள். செலவு பண்டிதருடையது. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் போன்ற பெரிய வித்வான்கள் வந்து கலந்துகொண்டார்கள். ஒத்துக்கொண்டவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. மறுத்தவர்களுக்கும் பந்தியில் இலை போடப்பட்டது.

1916 மார்ச்சில் பரோடாவில் முதல் அகில இந்திய சங்கீத மாநாடு. பண்டிதர் அங்கேயும் போனார். வீட்டுப் பெண்களையும் அழைத்துப் போய், வீணையோடு பாட வைத்து தன் கணக்கை நிரூபிக்க முயன்றார்.

1917-ல் "கருணாமிர்த சாகரம்" வெளிவந்தது. 1,300 பக்கத்துக்கு மேல்! தூக்கினால் கை வலிக்கும். அச்சடித்தது சொந்த அச்சகத்தில். குருவின் "கருணா" இதிலும் முன்னால் நிற்கிறது.

24 சுருதி சரியா, 22 சரியா? வித்வான்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்த வம்பு வேண்டாம்.

இன்னொரு குமாஸ்தா

இதே காலத்தில் பம்பாயில் இன்னொருவர் இருந்தார். வெள்ளைக்காரக் கம்பெனியில் வேலை பார்த்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு. 1893-ல் தலைவலித் தைலம் ஒன்று தொடங்கினார். அதுதான் அமிர்தாஞ்சனம்! கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்தே ஊருக்கெல்லாம் பழக்கினாராம். 1914-ல் சென்னைக்கு வந்தார். தைலத்தில் வந்த காசை "ஆந்திர பத்திரிகா" என்ற தெலுங்கு நாளேட்டில் கொட்டினார். மைலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஒருவர் காசு பத்திரிகைக்கு. மற்றவர் காசு சங்கீதத்துக்கு. பந்துலுவின் தைலத்துக்கு ஒரு கம்பெனி நிலைத்தது. இன்றும் பெட்டிக்கடையில் மஞ்சள் டப்பா தொங்குகிறது. சஞ்சீவி மாத்திரையை இன்று யார் கேட்கிறார்கள்?

பண்டிதர் 1919 ஆகஸ்டு 31-ந்தேதி காலமானார். வயது 60. மகன் வரகுணபாண்டியன் மருந்து வியாபாரியாகப் பெயர் வாங்கவில்லை. அப்பா விட்ட இடத்தில் இருந்து இசையை எடுத்துக்கொண்டு, யாழ் பற்றி "பாணர் கைவழி" என்ற நூலை எழுதினார்.