தொட்டிக்குள் இறங்குபவரின் அறிவு



காட்பாடியில் நாம் கூடும் இந்த நினைவுச் சொற்பொழிவில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இம்முறை தோல் தொழிலில் உழைப்போரின் உடல்நலம் குறித்த ஆய்வைப் பேச எடுத்துக்கொண்டோம். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களின் வாழ்வையும் போராட்டத்தையும் எழுதிய டி. செல்வராஜின் 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்த உழைப்பாளிகள் நாவலுக்குள் வந்துவிட்டார்கள். ஆய்வுக்குள் எப்படி வந்திருக்கிறார்கள்? பெரும்பாலும் எண்ணிக்கையாகத்தான். கேள்வியை வகுப்பவராக அவர்கள் வரவேண்டும் என்பதே எங்கள் வாதம்.

ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையில் தோல் ஷாப்புகள் பெருகியபோது, பச்சைத் தோலைத் தூக்குவது யார், சுண்ணாம்புத் தொட்டியில் நிற்பது யார், கழிவுத் தொட்டியில் இறங்குவது யார் என்பதைச் சாதியும் சேர்ந்தே முடிவு செய்தது. தோலைத் தொட்டவரைத் தீட்டென்று ஒதுக்கிய சமூகம், பதப்பட்ட தோலை ஏற்றுமதிப் பெருமையாகக் கொண்டாடியது. ஆபத்து எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. ஆகவே பாதுகாப்பு என்பது நமக்குக் கையுறை, முகமூடி பற்றிய பேச்சோடு முடிவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அடுத்த கட்டங்களில் அமிலம் சேர்கிறது. இந்த இரண்டு கழிவுநீரும் ஒன்றாகக் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது. தொட்டியின் அடியில் தேங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார்.

அந்த 100 என்ற எண் ஆய்வுக்கூடத்துக்குத் தெரியும். எந்த ஷிப்டில் அமிலத் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள், யாரை இறக்குகிறார்கள், மேலே கயிறு பிடிக்க ஆள் நிற்கிறாரா என்பது உழைப்பவருக்குத்தான் தெரியும். இருவரிடமும் இருப்பது பாதி அறிவு. அந்த இரண்டு பாதியும் சேராத இடத்தில் சாவு நடக்கிறது.

பாலாறு கெட்டதைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும், கேடு வருமுன் தடுக்கவேண்டும் என்ற இரு நெறிகளும் இந்தியச் சட்டத்தில் நிலைபெற்றது அந்தத் தீர்ப்பால். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கை நாம் மதிக்கிறோம். ஆனால் ஆற்றுக்கு வந்த தீங்கை அளந்த கண் உழைப்பவர் பக்கம் அந்த அளவுக்குத் திரும்பவில்லை. 2015 ஜனவரி 31, நள்ளிரவு தாண்டிய நேரம். ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காக்கக் கட்டிய ஏற்பாடே அவர்கள் உயிரை வாங்கியது.

கேட்கும் ஆள் மாறினால் விடையும் மாறும் என்பதற்கு ஆம்பூர் சாட்சி. வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்கள் தொழிற்சாலைப் பதிவேட்டில் இல்லை. அதனால் விபத்துக் கணக்கிலும் இல்லை. பெங்களூரின் சிவிடெப் அமைப்பும் இங்கிலாந்தின் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைடு, லேபர் பிஹைண்ட் தி லேபல் அமைப்புகளும் சேர்ந்து அந்தப் பெண்களிடம் பேசி 2016இல் அறிக்கை வெளியிட்டன. ஒப்பந்தமில்லை, சமூகப் பாதுகாப்பில்லை, ஜோடிக்குச் சில ரூபாய் கூலி. இடுப்பு வலி, கண் வலி, விரலில் ஊசிக் காயம். யாரும் கேட்காதவரை இவை வீட்டு வலிகளாக இருந்தன. கேட்ட பிறகே தொழில்நோய்களாகத் தெரிந்தன.

இதிலும் ஒருபடி மேலே சென்றவர்கள் உண்டு. 1960களில் இத்தாலியின் தூரின் நகரத்து ஃபியட் தொழிலாளர்கள், இவார் ஒட்டோனே என்ற மருத்துவரோடு சேர்ந்து தங்கள் பட்டறையைத் தாங்களே ஆராய்ந்தார்கள். ஒரே இடத்தில் வேலை செய்வோர் கூடிப் பேசுவார்கள். வெளிச்சம், சத்தம், வெப்பம் ஒரு வகை, தூசு, வாயு, புகை இரண்டாவது, உடற்சோர்வு மூன்றாவது, வேலை வேகமும் சலிப்பும் தரும் மன அழுத்தம் நான்காவது. எல்லாரும் ஒப்புக்கொண்டதை வரைபடத்தில் குறிப்பார்கள். பிறகு நிபுணர் அளப்பார். ஆபத்துக்கு ஈடாகக் கூடுதல் கூலி வாங்கிக்கொண்டு உடல்நலத்தை விற்கமாட்டோம் என்றார்கள். 1970இல் வந்த இத்தாலியத் தொழிலாளர் சட்டத்தின் 9ஆம் பிரிவு, தங்கள் உடல்நலத்தைக் காக்கும் ஆய்வைத் தொடங்கத் தொழிலாளருக்கு உரிமை தந்தது.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. போபாலுக்குப் பின், 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 41ஜி பிரிவு சேர்ந்தது. ஆபத்தான தொழில்களில் நிர்வாகமும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது அது. அந்தச் சட்டத்தின் ஆபத்தான தொழில்கள் பட்டியலில் தோல் பதனிடுதலும் இருந்தது. ஆனால் தொழிற்சாலை வாசலுக்குள் நின்ற அந்த ஏற்பாடு ஒப்பந்தக்காரரின் ஆளையும் வீட்டில் தைப்பவரையும் எட்டவில்லை.

பாலாற்றுக்கு அக்கரையில் சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிறது. 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னையில் இருக்கிறது. மருத்துவமும் வேதியியலும் பக்கத்திலேயே இருக்கின்றன. உழைப்பவரை அவற்றோடு சமமாக உட்காரவைப்பதே பாக்கி. அதற்கு நான்கு நிபந்தனைகள் சொல்கிறோம். எதை ஆராய்வது என்பதை உழைப்பவர்கள் முடிவு செய்யவேண்டும். பேசியவர் பெயர் நிர்வாகத்துக்குப் போகக்கூடாது. பேசச் செலவான நேரத்துக்குக் கூலி தரவேண்டும். முடிவுகள் தமிழிலும், புலம்பெயர்ந்து வந்தவர்களுக்காக வங்காளத்திலும் இந்தியிலும், முதலில் அவர்கள் குடியிருக்கும் தெருவில் வாசிக்கப்படவேண்டும்.

எழுதத் தெரிந்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறோம். தொட்டியில் இறங்கியவர் சொல்வதைக் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிவைக்கும் வேலையை நாம் தொடங்கலாம். மருத்துவரும் வேதியியலாளரும் அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அளக்க வரட்டும்.