கொடிமலைக் காற்றும் ஆறு மூச்சும்

கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சார்பில் பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு பினாங்கில் கொடியேற்றிய சில வருஷங்களுக்குள்ளேயே, கரையோரச் சதுப்பிலிருந்து தீவின் நடுவே உயர்ந்து நிற்கும் கொடிமலைக்குக் குதிரை ஏறிச் செல்லத்தக்க பாதை ஒன்று காட்டினூடே வெட்டப்பட்டது. சல்லிவன் துரை உதகமண்டலத்தில் தம் கல்வீட்டைக் கட்டுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு உண்டான அந்தப் பாதையின் வழியே, காய்ச்சலில் விழுந்து எழுந்த கம்பெனி உத்தியோகஸ்தர்களை மேலே கொண்டுபோய், குளிர்ந்த காற்றில் சில வாரம் இருத்தி, உடல் தேறியபின் கீழே அழைத்துவரும் வழக்கம் நிலைபெற்றது. லைட்டுக்கு அந்த பாக்கியம் போதவில்லை. 1794இல் மலேரியாக் காய்ச்சலுக்கே இரையாகி, ஜார்ஜ்டவுனின் பழைய கிறிஸ்தவ மயானத்தில் அடங்கினார். மற்றவர்களைச் சுமந்து ஏறிய டோலிக்காரர்களில் நம்மவரும் இருந்தனர். மலைமேல் இன்றும் விளங்கும் அருளொளித் திருமுருகன் ஆலயம், அந்நாளில் அங்கிருந்த இந்தியச் சிப்பாய்களும் டோலி தூக்கிகளும் கும்பிட்ட சிறு சன்னிதியாகத் தொடங்கியதேயாகும்.

நகரத்தின் சந்தடியை விட்டு விலகி, மரமும் ஓடையும் உள்ள ஓரிடத்தில் தங்கி, ஆகாரத்தையும் நித்திரையையும் ஒழுங்கு செய்துகொண்டு திரும்பினால் உடல் நலம் பெறும் என்ற எண்ணம் ஆகவே பினாங்குக்குப் புதிதன்று. இக்காலத்தில் அந்த எண்ணம் யோகமும் ஆயுர்வேதமும் கலந்த கிராமாந்தர விடுதிகளாக உருவெடுத்து, கேரளத்தின் காயலோரம், பாலித் தீவின் வயல்வெளி, நம் பாலிக் புலாவ் பக்கத்து டுரியான் தோப்பு என்று பல இடங்களில் ஆட்களை ஈர்க்கிறது. அங்கே போய்வந்தவர்கள் பெரும்பாலும் முகம் தெளிந்தே திரும்புகிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. அந்தத் தெளிவில் காற்றுக்கு எவ்வளவு, ஓய்வுக்கு எவ்வளவு, அப்பியாசத்திற்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியுமா என்பதே விஞ்ஞானம் கேட்கிற கேள்வி. அதற்கு ஓரளவு விடையும் கிடைத்திருக்கிறது.

முதலில் கொடிமலையையே எடுத்துக்கொள்வோம். சதுப்பு நிலத்திலிருந்து எழும் துர்வாயுவே காய்ச்சலுக்குக் காரணம் என்றும், மலை உச்சிக்கு அந்த வாயு எட்டாது என்றும் அக்காலத்து வைத்தியர்கள் நம்பினார்கள். காரணம் தவறு; ஆனால் பலன் மெய். 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த பிறகே உண்மை புலனாயிற்று. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பது வானிலை நூலோர் கணக்கு. அந்தக் கணக்குப்படியே, 700 மீட்டருக்கு மேற்பட்ட கொடிமலையின் மேல்தளத்தில் ஜார்ஜ்டவுனைவிட ஏறத்தாழ 5 டிகிரி குளிர்ச்சி. இந்த 5 டிகிரி கொசுவின் உடலுக்குள் செய்கிற வேலை மிகப் பெரிது. நோயாளியின் இரத்தத்தோடு கொசுவினுள் புகுந்த கொடிய வகை மலேரியாக் கிருமி, பிறரைத் தாக்கத்தக்க பக்குவம் அடைவதற்கு 28 டிகிரி வெப்பத்தில் 9 அல்லது 10 நாட்கள் போதும். 22 டிகிரியிலோ ஏறத்தாழ இரு மடங்கு நாட்கள் வேண்டும். அத்தனை நாள் உயிரோடிருக்கும் கொசுக்கள் சிலவே ஆதலால், பெரும்பாலானவை கிருமி பழுக்கும் முன்னரே மாண்டுவிடுகின்றன.

இதனோடு மற்றொரு விஷயமும் சேர்ந்திருந்தது. 1901இல் கிள்ளானுக்கு வந்து, வடிகால் வெட்டிக் காய்ச்சலை அடக்கிய டாக்டர் மால்கம் வாட்சன், அதன் பின் மலையோரத் தோட்டங்களில் திகைக்கத்தக்க ஓர் உண்மையைக் கண்டார். தாழ்நிலத்துச் சதுப்புக் காட்டை வெட்டி நீரை வடித்தால் காய்ச்சல் குறைகிறது. மலைச்சரிவில் காட்டை வெட்டினாலோ காய்ச்சல் பெருகுகிறது. ஏனெனில், அங்கே நோயைப் பரப்பும் அனாபிலஸ் மாக்குலேட்டஸ் என்னும் கொசு, வெயில் படும் தெளிந்த ஓடை நீரில்தான் முட்டையிடும். மர நிழல் மூடிய ஓடை அதற்கு ஆகாது. கொடிமலையில் காடு நின்றதனால் காக்கப்பட்டவர்கள், தங்களைக் காத்தது காடு என்று அறியாமலே மலைக்காற்றைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். அந்தக் காட்டை உள்ளிட்ட கொடிமலைப் பிரதேசத்தை 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அங்கீகரித்தது. அழகுக்காக மட்டுமல்ல, ஆரோக்கியத்திற்காகவும் அந்த மரங்கள் நிற்கவேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வது நம் கடமை.

சிகிச்சை ஒன்று பலிப்பதும், அது பலிப்பதற்குச் சொல்லப்படும் காரணம் சரியாயிருப்பதும் வேறு வேறு என்பதை இந்த மலை தெளிவாகக் காட்டுகிறது. இன்றைய யோக, ஆயுர்வேத விடுதிகளை ஆராயும்போதும் இதனை மறவாதிருத்தல் நலம்.

அத்தகைய ஆராய்ச்சிகளில் நான் மிகவும் மதிப்பது, 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி. கலிபோர்னியாவில் உள்ள ஓர் உல்லாச விடுதியில் 94 பெண்கள் ஆறு நாட்கள் தங்கினார்கள். தியானப் பழக்கம் இல்லாத 64 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தியானமும் யோகமும் கற்பித்து, மறு பிரிவினரைச் சும்மா விடுமுறை கழிக்க விட்டார்கள். எஞ்சிய 30 பேர் முன்பே தியானத்தில் பழகியவர்கள். முடிவில் எல்லாருடைய இரத்தத்தையும் சோதித்தபோது, மன உளைச்சலோடும் நோய் எதிர்ப்போடும் தொடர்புடைய மரபணுக்களின் செயலில் மூன்று பிரிவினரிடத்தும் ஒத்த மாறுதல் காணப்பட்டது. அதாவது, அந்த மாறுதலுக்குத் தியானம் காரணமன்று. வீட்டையும் வேலையையும் விட்டு அகன்றதே காரணம். ஆனால் பத்து மாதங்கள் கழித்து விசாரித்தபோது, விடுதியில் புதிதாகத் தியானம் கற்றவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தே இருந்தன. விடுமுறை மட்டும் கழித்தவர்களிடம் அந்த நன்மை அவ்வளவு தூரம் நீடிக்கவில்லை.

விடுமுறையின் சுகம் வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் கரைந்துபோவதை ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்களும் பலமுறை கண்டிருக்கிறார்கள். எனினும் இடத்தின் மகிமையை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதற்கும் இல்லை. 1984இல் ரோஜர் உல்ரிச் என்பவர் பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியின் பழைய பதிவேடுகளைப் புரட்டி, பித்தப்பையை அகற்றிக்கொண்ட 46 நோயாளிகளை ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆராய்ச்சிதான், ஆயினும் அதன் பின்னர் ஆஸ்பத்திரி கட்டுவோர் ஜன்னலைப் பற்றிச் சிந்திக்கலானார்கள்.

இனி, வீட்டுக்குக் கொண்டுவரத்தக்க பகுதியாகிய அப்பியாசத்திற்கு வருவோம். யோகத்தை நவீன கருவிகளால் அளந்து பார்க்கவேண்டும் என்ற உறுதியோடு 1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர், எக்ஸ்ரே படங்களையும் அழுத்தமானிகளையும் கொண்டு ஆசன, பிராணாயாமங்களை ஆராய்ந்து, முடிவுகளை 'யோக மீமாம்சா' என்ற பத்திரிகையில் வெளியிட்டார். அவருக்கும் முன்பாக, நம் மலாயா மண்ணிலேயே, பத்தமடையில் பிறந்த டாக்டர் குப்புசுவாமி என்னும் இளைஞர் 1913 முதல் சுமார் பத்து வருஷம் சிரம்பான் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரியிலும் ஜொகூரிலும் தோட்டத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்து வந்தார். பிற்காலத்தில் ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தராக உலகறிந்தவர் அவரே. வைத்தியமும் யோகமும் ஒருவரிடத்தே சேர்ந்திருந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்கு வேண்டுவதில்லை.

மூச்சை மெதுவாக்குவதனால் உடம்பினுள் நிகழ்வது என்ன என்பதைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது இருதயத் துடிப்பு சற்று விரைகிறது, வெளிவிடும்போது தணிகிறது. கழுத்தின் பெரிய இரத்தக் குழாய்களிலும், இருதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியின் வளைவிலும், அழுத்தத்தை உணரும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. இரத்த அழுத்தம் ஏறினால் அவை மூளைத் தண்டுக்குச் செய்தி அனுப்ப, அங்கிருந்து வேகஸ் நரம்பின் வழியே வரும் கட்டளை இருதயத்தைத் தணியச் செய்கிறது. இந்தச் செய்தி போய்க் கட்டளை திரும்பி அழுத்தம் சீராவதற்குச் சுமார் பத்து விநாடி பிடிக்கிறது. சாதாரணமாக நிமிஷத்திற்கு 12 முதல் 20 தடவை ஓடும் மூச்சை 6 தடவையாகக் குறைத்தால், ஒரு மூச்சுக்கும் அதே பத்து விநாடி ஆகிவிடுகிறது. மூச்சும் அழுத்தமுமாகிய இரண்டு அலைகளும் ஒரே தாளத்தில் விழுந்து ஒன்றையொன்று வளர்க்க, அழுத்தத்தைக் காக்கும் அந்த ஏற்பாடு கூர்மை பெறுகிறது. 2001இல் இத்தாலியரான பெர்னார்டி தம் குழுவினரோடு 23 பேரைக் கொண்டு செய்த சோதனையில், லத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னபோதும், 'ஓம் மணி பத்மே ஹும்' என்று ஜபித்தபோதும், மூச்சு தானாகவே நிமிஷத்திற்கு ஆறு என்ற அளவில் வந்து நின்றது. கிறிஸ்தவரும் பௌத்தரும் ஒரே அளவைக் கண்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கு அடங்காத ஆச்சரியம். இப்பயிற்சியால் இரத்த அழுத்தம் குறைவது சில புள்ளிகளே. மாத்திரையை நிறுத்துவதற்கு அது நியாயமாகாது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஆசனப் பயிற்சி ஓரளவு குணம் தருகிறது என்பதும் பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபின் ஏற்கப்பட்டிருக்கிறது.

எண்ணெய் தேய்ப்பும், நெற்றியில் தைலம் ஒழுகவிடும் சிரோதாரையும் உடம்பைத் தளர்த்தி உறக்கம் தரக்கூடும். அவற்றால் தீங்கும் அதிகமில்லை. கவலை கொள்ளவேண்டியது உள்ளுக்குக் கொடுப்பதைப் பற்றியே. 'விஷத்தை வெளியேற்றுதல்' என்ற பெயரில் சில நாள் பேதி மருந்தும் பட்டினியும் நடத்தும் இடங்கள் உண்டு. உடலின் கழிவை அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஓயாமல் செய்துவருகின்றன. பேதியினால் வெளியேறுவது பெரும்பாலும் நீரும் உப்புச் சத்துக்களுமே. 2019ஆம் வருஷத்து தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு, இந்தியர்களிடையிலோ 31.4 பேருக்கு. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பட்டினி கிடப்பவருக்குச் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கலாம். இரத்த அழுத்தத்திற்காக நீர் பிரியும் மாத்திரை உண்பவர், பேதியும் சேர்ந்தால் பொட்டாசியத்தை இழந்து இருதய ஓட்டமே தடுமாறும் நிலைக்கு வரலாம். உடலைச் சுத்திசெய்யும் சோதனம் செய்வதற்கு முன் நோயாளியின் பலம், வயது, ஜீரண சக்தி, பிரகிருதி எல்லாவற்றையும் பரீட்சிக்கவேண்டும் என்று சரக சம்ஹிதையே விதிக்கிறது. வந்தவர் அனைவருக்கும் ஒரே கஷாயத்தை ஒரே நாளில் ஊற்றிக் கொடுப்பது, ஆகவே, சாஸ்திரத்திற்கும் விரோதம், விஞ்ஞானத்திற்கும் விரோதம்.

உலோகம் கலந்த மருந்துகளின் விஷயம் இன்னும் கடுமையானது. 2004இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பாஸ்டன் சுற்றுவட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஈயம் எலும்பில் தங்கி, பல வருஷம் இரத்தத்தில் கசிந்து, குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்வது. மலேசியாவில் பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தின் மேலுறையில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி எட்டு இலக்கங்களையும் அவற்றை அடுத்து 'டி' என்ற எழுத்தையும் கொண்ட எண் இருக்கவேண்டும். அது இல்லாத பொட்டலத்தையோ புட்டியையோ, கொடுப்பவர் எவ்வளவு பெரியவராயினும், வாங்காமல் விடுவதே உத்தமம். 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் இந்திய மருத்துவத்தையும் ஓர் அங்கீகரிக்கப்பட்ட துறையாக ஏற்றிருப்பதால், வைத்தியரைப் பார்த்து, "ஐயா, தாங்கள் பதிவு பெற்றவர்தாமா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

தோப்பு விடுதிக்குக் கட்டணம் கொடுத்துச் செல்லக்கூடியவர்கள் சிலர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவருக்கும், லிட்டில் இந்தியாவில் காலை முதல் இரவு வரை கல்லாவில் நிற்கிறவருக்கும் ஆறு நாள் விடுப்பே கனவு. ஓய்வு மிகவும் தேவைப்படுகிறவர்களுக்கே அது மிகவும் அரிதாயிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் ஆராய்ச்சி சுட்டுகிற பலன்களில் நீடிக்கக்கூடியது எதுவோ அதற்குப் பணம் வேண்டுவதில்லை. 1884 முதல் தண்ணீர்மலைப் பக்கம் இருந்துவரும் தாவரவியல் பூங்காவில் மரத்தடிக்குக் கட்டணம் இல்லை. கெப்பாலா பத்தாஸ் அரசாங்க ஆஸ்பத்திரியில் 2007ஆம் ஆண்டே பாரம்பரிய மருத்துவப் பிரிவைத் தொடங்கி, நவீன வைத்தியர்களின் மேற்பார்வையிலேயே மரபுச் சிகிச்சையை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். அதே வழியில், நம் அரசாங்க சுகாதார நிலையங்களில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, காத்திருக்கும் அந்த நேரத்திலேயே, நிமிஷத்திற்கு ஆறு மூச்சு என்ற பயிற்சியைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் ஒரு தாதி கற்பிக்கலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்த அழுத்தத்தை அவரவர் சிகிச்சைப் புத்தகத்திலேயே குறித்துக் கொடுக்கலாம். பினாங்கு மாநிலச் சுகாதார இலாகா இதனை ஒரே ஒரு நிலையத்திலாவது ஓராண்டு நடத்திப் பார்த்து, கிடைத்த கணக்கை வெளியிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.