திரை கறுத்தால் கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சா? முதலில் டிரைவரைப் பாருங்க!

வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணினித் திரை கறுத்துப்போய், சில விநாடிகளில் திரும்ப வருகிறது. அல்லது விண்டோஸ் அப்டேட் முடிந்ததும் எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாகத் தெரிகிறது. ‘கார்டு போயிடுச்சு, மாத்தணும்’, ‘ஃபார்மேட் போட்டா சரியாகிடும்’ என்று ஆளுக்கொரு யோசனை வரும். முதலாவது பெரிய செலவு. இரண்டாவதில் கோப்புகள் பறிபோகலாம். பல நேரங்களில் இரண்டுமே தேவைப்படாது.

டிரைவர் என்ன செய்கிறது?

விண்டோஸ் சொல்வதை கிராபிக்ஸ் கார்டுக்குப் புரியவைக்கும் மென்பொருள்தான் டிரைவர். கார்டு 2 விநாடிகளுக்குப் பதில் தராவிட்டால், விண்டோஸ் டிரைவரைத் தானாகவே மறுபடி தொடங்கும். திரை கறுத்துத் திரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டிரைவர் ஏறவே இல்லை என்றால் மைக்ரோசாஃப்டின் அடிப்படை டிரைவர் கைகொடுக்கும். அப்போது திரைத் தெளிவு குறையலாம்.

கார்டா, டிரைவரா?

கணினியை ஆன் செய்ததும் வரும் லோகோவைக் கவனியுங்கள். அப்போதே கோடு கோடாகத் தெரிந்தால் டிரைவர் மேல் பழி போட முடியாது. அந்த நேரத்தில் அது இயங்கவே தொடங்கியிருக்காது. கார்டு, கேபிள், மானிட்டரைத்தான் சோதிக்க வேண்டும். லோகோ சரியாக வந்து, விண்டோஸ் திறந்தபின் கோளாறு என்றால் டிரைவரில் தொடங்கலாம்.

வரிசையாக என்ன செய்யலாம்?

1. மானிட்டர் கேபிள் மதர்போர்டில் இல்லாமல், கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா பாருங்கள்.

2. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டிரைவர் மறுபடி தொடங்கும்.

3. அப்டேட்டுக்குப் பிறகு வந்த பிரச்சினையா? ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர், டிஸ்பிளே அடாப்டர்ஸ் எனப் போய், கார்டின் பெயரை இருமுறை கிளிக் செய்யுங்கள். டிரைவர் பகுதியில் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்தால் பழைய டிரைவர் திரும்பும். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் பழையது சேமிப்பில் இல்லை என்று அர்த்தம்.

4. அப்படியானால் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் என உங்கள் கார்டுக்குரிய நிறுவனத்தின் தளத்தில் டிரைவரை முதலில் டவுன்லோடு செய்துவிட்டு, இருப்பதை அன்இன்ஸ்டால் செய்து புதிதாகப் போடுங்கள். ‘எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்’ என்று கூப்பிடும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

5. விண்டோஸ் திறந்ததும் திரை கறுத்தே இருக்கிறதா? விண்டோஸ் ஏறும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். இப்படி மூன்று முறை செய்தால் மீட்புத் திரை வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு திறக்கும். அங்கிருந்தே டிரைவரை நீக்கலாம். பிட்லாக்கர் கீ கேட்டால், பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்.

எப்போது கடைக்குப் போவது?

டிரைவரை மாற்றிய பிறகும் கேம், வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலையின்போது மட்டும் திரை போனால் சூடு, தூசி, பவர் சப்ளை ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். அப்போது கடைக்குப் போங்கள். டிரைவரை ஏற்கெனவே மாற்றிப் பார்த்தாச்சு என்று சொல்லிவிட்டால், ஃபார்மேட் போடுவதில் ஆரம்பிக்க மாட்டார்கள்.