உணர்விழந்த பாதங்கள் முடங்கிவிடலாகாது

நீரிழிவு என்றதும் குருதியிலுள்ள சீனியின் அளவே நம் நினைவுக்கு வருகின்றது. அந்நோய் நரம்புகளைத் தாக்கி, ஒருவரது நடமாடும் ஆற்றலையே படிப்படியாகப் பறித்துவிடக்கூடியது என்பது போதிய கவனத்தைப் பெறுவதில்லை.

உடலின் மிக நீண்ட நரம்புகள் கால்விரல் வரை செல்பவை. சீனி நெடுங்காலம் கட்டுப்பாடின்றி இருப்பின் முதலில் பழுதடைபவையும் அவையே. விரல்நுனிகளில் தோன்றும் விறைப்பும் எரிவும் மெல்ல மேல்நோக்கிப் பரவுகின்றன. பின்னர் உணர்வே அற்றுப்போகலாம். எரிவு நின்றதும் நோய் தணிந்ததாகக் கருதுவோர் பலர். உண்மையில் பேராபத்து ஆரம்பிப்பது அங்கேதான்.

பாதம் நிலத்தில் எவ்வாறு பதிகின்றது என்ற செய்தி மூளைக்குச் சரிவர எட்டாதபோது சமநிலை குலைகின்றது. பகலில் கண்பார்வை அக்குறையை ஓரளவு ஈடுசெய்யும்; இருளில் விழ நேரிடும். பாதத்தின் சிறு தசைகள் மெலிந்து விரல்கள் வளைவதால், உடற்பாரம் ஓரிரு இடங்களில் குவிந்து, தோல் தடித்து, அதனடியில் புண் உண்டாகின்றது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய சத்திரசிகிச்சை நிபுணர் போல் பிராண்ட், தொழுநோயாளரின் கைகால்கள் சிதைவதற்கு, நோவை உணராமையால் ஏற்படும் காயங்களே முக்கிய காரணம் எனக் கண்டறிந்தார். பின்னர் அமெரிக்கா சென்ற அவர், அதே பாடத்தை நீரிழிவாளரின் பாதங்களுக்கும் பொருத்திக் காட்டினார். நோவு ஒரு காவலன். அது இல்லாதவிடத்து அக்காவலைக் கண்களும் பாதணியும் ஏற்றாக வேண்டும்.

அவ்வாறாயின் நடக்காதிருப்பதே பாதுகாப்பு அல்லவா எனச் சிலர் வினவலாம். மருத்துவ உலகும் முன்னர் அவ்வாறே தயங்கியது. ஆனால், நரம்புப் பாதிப்புற்ற 79 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வொன்றில், கால்களுக்கு வலுவூட்டும் பயிற்சியும் படிப்படியான நடையும் மேற்கொண்டோரிடையே பாதப்புண்கள் அதிகரித்ததாகக் காணப்படவில்லை. பாதத்தில் புண் இல்லாதோர் மிதமாக நடக்கலாம் என 2010இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அறிவித்தது.

முதியவரை அன்பின் மிகுதியால் கதிரையில் அமர்த்திவிடும் வீடுகள் இதனை மனங்கொள்ள வேண்டும். அசையாத காலில் தசை மெலியும், சீனி ஏறும், அடுத்த வீழ்ச்சிக்கு வழி திறக்கும். எனினும் திறந்த புண் உள்ளவரும், பாதம் சிவந்து, வீங்கிச் சுடுபவரும் அப்பாதத்தில் பாரம் ஊன்றாது உடனே வைத்தியரை நாட வேண்டும்.

வெறுங்காலுடன் வழிபடுவது நம் மரபு. உணர்விழந்த பாதத்துக்கு நண்பகலின் சுடுமணல் தீயாகும். ஆகவே ஆலய வீதியைக் காலையிலோ மாலையிலோ வலம் வருவதே தக்கது. தொழுகைக்காகக் கால் கழுவுவோர் விரலிடுக்கின் ஈரத்தைத் துடைத்து, அவ்வேளையே பாதத்தையும் உற்று நோக்கலாம். அணியுமுன் சப்பாத்தைத் தட்டி உள்ளே கைவிட்டுப் பார்ப்பதும், இரவில் மலசலகூடத்துக்குச் செல்லும் வழியில் ஒரு விளக்கு எரிவதும் பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. சமநிலைப் பயிற்சிகளை இயன்மருத்துவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

ஆண்டுக்கொரு முறையேனும் பாதங்களின் உணர்வைச் சோதிக்குமாறு வைத்தியரிடம் கேட்பது நோயாளியின் உரிமையாகும். மெல்லிய நைலோன் இழையொன்றால் சில நிமிடங்களில் செய்யக்கூடிய இச்சோதனை, ஒரு குடும்பத்தைத் தாங்கும் கால்களைக் காக்க வல்லது.